நீலகிரியில் தைப்பனி: ஒரு வாரக் குறிப்புகள்

ஞாயிறு

பொங்கல் கூட்டம் வடிந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் ஊட்டி பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோர இடம் கிடைத்ததே அதற்குச் சாட்சி. சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. கல்லாறில் கார்கள் வரிசை கட்டி நின்றன, எங்கள் பஸ் ஓரமாக ஊர்ந்து தாண்டிவிட்டது.

வருடா வருடம் தை பிறந்தால் செய்தித்தாள்களில் ஒரே படம்தான்: வெள்ளை படர்ந்த புல்வெளி, அதன் நடுவில் கம்பளி போர்த்திய ஒருவர், கீழே 'மினி காஷ்மீரான ஊட்டி' என்று தலைப்பு. வானிலை அறிக்கையிலும் வழக்கமான வரி வந்துவிடும்: நீலகிரி மாவட்டம், கொடைக்கானல் பகுதிகளில் ஓரிரு இடங்களில் இரவு நேரத்தில் உறைபனிக்கு வாய்ப்பு. அந்த 'ஓரிரு இடம்' எது, அங்கே மட்டும் ஏன், நாளைக்கு விழுமா விழாதா என்பதை உள்ளூர்க்காரர் எப்படிச் சொல்கிறார் என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். தினமும் இரவு படுக்கும் முன் எழுதிப் போடுகிறேன். மறுநாள் பனி விழுமா என்ற என் கணிப்பும் கடைசியில் இருக்கும்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். உயரே போகப் போக ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அப்படியானால் கீழுக்கும் மேலுக்கும் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். பகலில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. கல்லாறு பாக்குத் தோப்பில் வியர்த்தது, பர்லியாறு தாண்டியதும் காற்று மாறியது, குன்னூரில் ஸ்வெட்டரை எடுத்துவிட்டேன். குன்னூர் முழுக்க மூட்டம், சாரல். வடகிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது இந்தக் கிழக்குச் சரிவில்தான். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரும் கோத்தகிரியும் மழையில் ஊறுவதும், மலை ரயில் பாதையில் மண் சரிந்து வண்டியை நிறுத்துவதும் இதே காற்றால்தான்.

ஃபெர்ன்ஹில் பக்கம் மேட்டில் ஓர் அறை. சாவியைக் கொடுத்துக்கொண்டே விடுதிக்கார அக்கா கேட்டார்: "பனி பாக்க வந்தீங்களா? அப்ப ரெண்டு நாள் கூடுதலா தங்குங்க." ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வாசலுக்கு வந்து மேலே கையைக் காட்டினார். வானம் முழுக்கச் சாம்பல் நிற மேகம்.

நாளைக்கு: பனி இல்லை. இதைச் சொல்ல நான் தேவையே இல்லை.

திங்கள்

காலை ஆறு மணிக்கு வாசலில் 9 டிகிரி. குளிர்தான், ஆனால் பனி இல்லை. புல்லில் ஈரம் மட்டும்.

கையில் இரண்டு சின்ன டிஜிட்டல் வெப்பமானிகள் இருக்கின்றன. ஒன்றை நெஞ்சு உயரத்தில் தொங்கவிடுகிறேன், மற்றதைப் புல்மேல் வைக்கிறேன். இன்று இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. மேகம் இருக்கும் இரவில் அப்படித்தான். பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவு முழுக்க வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகமும் காற்றிலுள்ள ஈரமும் அதில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும், தரை அதிகம் ஆறாது. வானம் வெட்டவெளியாக இருந்தால் போன சூடு போனதுதான். ஊட்டிப் பனி இமயமலையிலிருந்து கிளம்பி வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். வடக்கிலிருந்து வறண்ட காற்று வருவது உதவி செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பனியாக உறைய வைக்கும் குளிர் பெரும்பாலும் இங்கேயே, அன்றிரவே, இந்தத் தரையிலேயே உண்டாவது.

தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். 1848-இல் தொடங்கிய பூங்கா. இப்போது சீசன் இல்லை, பாத்திகளில் நாற்றுதான். பல செடிகள் மேல் காய்ந்த மிலார்க் கிளைகளைக் கூரையாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். குழாய் பிடித்து நின்ற பூங்காத் தொழிலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன். இரவில் மூடிவைப்பது ஒரு வேலை, விடிந்ததும் வெயில் படுவதற்குள் புல்தரைக்குத் தண்ணீர் அடிப்பது இன்னொரு வேலை என்றார். "பனி விழுறதுல செடி பாதி சாகும், அது மேல திடீர்னு வெயில் அடிக்கறப்ப மீதி சாகும்ங்க. தண்ணி அடிச்சா மெல்லக் கரையும்." இன்று அவருக்கு அந்த வேலை இல்லை. முகத்தில் நிம்மதி தெரிந்தது. பக்கத்தில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், பனி எங்கே என்று வாயில் காவலரைக் கேட்டுக்கொண்டிருந்தது.

திபெத்தியர் மார்க்கெட்டில் கையுறை வாங்கினேன். பேரம் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. நல்ல கையுறை என்பதால் வருத்தமில்லை.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். சமவெளியில் அதைச் சும்மா சொல்லிவைத்தது என்றே நினைத்திருந்தேன். இங்கே கேட்டால் தரையைத் துளைப்பது நிஜம் என்கிறார்கள். வேரோரம் மண் பொங்கி எழும்பும்.

செயற்கைக்கோள் படத்தில் தெற்குத் தமிழகத்தின் மேல் இன்னும் மேகக்கூட்டம் இருக்கிறது, ஆனால் தெற்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. நாளைக்கும் பனி கிடையாது. புதன்கிழமை மேல் ஒரு கண்.

செவ்வாய்

கேத்தி பாலாடா. இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க கேரட், உருளை, முட்டைக்கோஸ், பீட்ரூட். இருட்டிலேயே கேரட் பிடுங்கத் தொடங்கிவிடுகிறார்கள். மூட்டைகள் கழுவும் மெஷினுக்கு வந்து, உருண்டு புரண்டு செக்கச்செவேலென்று வெளியே விழுந்து, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏறும். அந்தத் தண்ணீரில் ஒரு நிமிடம் கை வைத்துப் பார்த்தேன். விரல்கள் யாருடையவோ ஆகிவிட்டன. அங்கே வேலை செய்யும் பெண்கள் அதே தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிறார்கள், காலில் கம் பூட்ஸ், தலையில் துண்டு. "பனிக்காலத்துல எப்படிக்கா?" என்றேன். "பனிக்காலத்துல கேரட் வெளைய மாட்டேன்னு சொல்லுதா தம்பி?" என்றார் ஒருவர். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கேரட் மண்ணுக்குள் இருப்பதால் தப்பிக்கும். உருளையின் தழை தப்பாது. அதற்குத்தான் சிலர் விடியற்காலையில் ஸ்பிரிங்க்ளர் ஓடவிடுகிறார்கள். உறையும் குளிரில் தண்ணீர் தெளிப்பதா என்று தோன்றும். தண்ணீர் உறையும்போது ஒவ்வொரு கிராமும் 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்தச் சூட்டில்தான் இலை பிழைக்கிறது. ஆனால் தொடங்கினால் வெயில் ஏறும்வரை நிறுத்தக்கூடாது. நடுவில் கரண்ட் போனால், ஈரம் ஆவியாகும்போது இலையின் சூட்டையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும், தெளிக்காமல் இருந்ததைவிட மோசமாகும். மோட்டார் வைத்திருக்கும் விவசாயிக்குப் பனியைவிட மின்தடை மேல்தான் பயம்.

மதியம் மூன்று மணிக்கு மேகம் உடைந்தது. நாலரைக்கு நீல வானம். லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "நாளைக்கோ நாளான்னைக்கோ அடிக்கும்" என்றார்.

நான் கைப்பேசியில் பனிப்புள்ளியைப் பார்த்தேன். காற்று எந்த வெப்பநிலைக்கு ஆறினால் அதிலுள்ள ஈரம் படியத் தொடங்குமோ, அந்த எண். ஞாயிறன்று 11 இருந்தது, இன்று மாலை 3. இது இறங்குகிறது என்றால் காற்று காய்கிறது. பனிப்புள்ளி தாழ்ந்து, வானம் தெளிந்து, காற்றும் நின்றால் மூன்று பொருத்தமும் சேர்ந்துவிட்டது. வெறும் குறைந்தபட்ச வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஊட்டிக்கு வருகிறவர்கள் இந்த மூன்றையும் பார்ப்பது நல்லது.

இரவு ஒன்பது மணிக்கு வாசலில் நின்றால் நட்சத்திரம் கொட்டிக்கிடக்கிறது. மரத்தில் இலை அசையவில்லை. நாளைக்கு விழும். ஆட்டோ சொல்லியாகிவிட்டது.

புதன்

நாலே முக்காலுக்கு ஆட்டோ வந்தது. வரும்போதே முன்கண்ணாடி வெள்ளையடித்த மாதிரி இருந்தது. ஓட்டுநர் ஒரு பழைய ஏடிஎம் அட்டையை எடுத்துச் சரக் சரக்கென்று சுரண்டினார். "சுடுதண்ணி ஊத்தக்கூடாதாண்ணா?" என்றேன். "ஊத்துனா கண்ணாடி விட்டுரும். வெளியூர்க்காரங்க வருஷம் ரெண்டு பேராவது ஊத்துவாங்க" என்றார்.

கிளம்பும் முன் மேட்டில் இருக்கும் என் விடுதி வாசலில் அளந்தேன்: 6.1. ஆட்டோ இறங்க இறங்க முகத்தில் குளிர் கூடியது. பழைய குதிரைப் பந்தய மைதானத்தின் ஓரம் நிறுத்தச் சொல்லி அளந்தால் 2.8. ஊட்டி–கூடலூர் சாலையில் தலைகுந்தா போய்ச் சேர்ந்தபோது, நெஞ்சு உயரத்தில் 1.9, புல்மேல் மைனஸ் 2.6. மூன்று இடத்திலும் அதே வானம், ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த அளவுகள்.

மேலே போனால் குளிர் கூடும் என்ற பாடப்புத்தகக் கணக்கு விடியற்காலையில் தலைகீழாகிவிடுகிறது. ஆறிய காற்று கனமானது. அது தண்ணீரைப்போலப் பள்ளம் பார்த்து ஓடும், தாழ்ந்த இடத்தில் தேங்கும். சரிவிலுள்ள விடுதியை நனைக்காமல் கீழே உள்ள மைதானத்தில் போய்க் குளம் கட்டி நிற்கும். காந்தல், தாவரவியல் பூங்கா, குதிரைப் பந்தய மைதானம், தலைகுந்தா, காமராஜ் சாகர் அணை, பைக்காரா, அவலாஞ்சி என்று ஒவ்வோர் ஆண்டும் செய்தியில் வரும் பெயர்கள் எல்லாமே பள்ளங்கள், அல்லது பள்ளத்தை ஒட்டியவை. 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவில்தான் அதிகப் பனி இருக்கும் என்று கிளம்புகிறவர்கள், வழியில் தாங்கள் கடந்துபோன தாழ்வான புல்வெளியைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

வானிலை நிலைய அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே வெப்பமானியை வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் வைக்கிறார்கள். உலகம் முழுக்க அதுதான் முறை. ஆகவே அறிக்கையில் 'ஊட்டி 3 டிகிரி' என்று வந்த அதே காலையில் புல் உறைந்து கிடப்பதில் முரண் எதுவும் இல்லை. செடி வாழ்வது பெட்டிக்குள் இல்லையே.

ஆறு மணிக்கு மேல் மெல்ல வெளுத்தது. புல்வெளி வனத்துறை இடம், இறங்கக்கூடாது, சாலையோரமே போதும். குனிந்து பார்த்தேன். புல்லின் நடுப்பகுதியைவிட விளிம்பில்தான் பனி அதிகம். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் வரிசையாக ஊசி ஊசியாகப் படிகங்கள், நுனியில் மட்டும் ஒரு சின்னக் கொத்து. நேற்று யாரோ விட்டுப்போன பிளாஸ்டிக் கவரின் மடிப்புகள் எல்லாம் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன. காய்ந்த சாணி வறட்டி முழு வெள்ளை. நிறுத்தியிருந்த பைக்கின் சீட்டில் விரலால் யாரோ ஒரு பெயரை எழுதிவைத்திருந்தார்கள். மரத்தடியில் மட்டும் வட்டமாகப் பச்சை. கிளைகள் வானத்தை மறைக்கும் இடத்தில் தரை ஆறுவதில்லை.

சூரியன் ஏறியது ஏழு மணிக்குச் சற்று முன்னால். வெளிச்சம் வந்தபின்தான் குளிர் இன்னும் கூடியது. இது மனப்பிரமை இல்லை, வெப்பமானியே 2.6-லிருந்து 3.1-க்கு மைனஸில் இறங்கியது. சரிவான முதல் வெயிலால் தரையைச் சூடாக்க முடியாது, தரை இழப்பதுதான் அதிகம். அரைமணி கழித்துத்தான் கணக்கு திரும்பும். திரும்பியபின் எல்லாம் வேகம். எட்டேகாலுக்குப் புல்வெளி வெறும் ஈரம், மேலே ஆவி. பத்து மணிக்கு நான் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தேன்.

சாலையோரம் விறகு மூட்டிக் குளிர்காய்ந்தவர்களோடு ஒரு தோடர் பெரியவர் இருந்தார். மேலே பூத்துக்குளி, சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த கனத்த வெள்ளைப் போர்வை. இந்தப் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எருமைகளுக்கு இந்த மாதம் புல் கிடைப்பதுதான் கஷ்டம் என்றார். பனி பட்ட புல் ஒரே வாரத்தில் வைக்கோல் நிறமாகிவிடும். எருமைக்கு மட்டுமல்ல, காட்டுமாடுகளுக்கும் மேய்ச்சல் குறைகிறது. அவை தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் வீட்டு வாசலுக்கும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டீயும், ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியும். அப்புறம் பதினொரு மணிவரை தூக்கம்.

நாளைக்கும் விழும், இன்றைவிடக் கூடுதலாக.

வியாழன்

விழுந்தது. நான் பார்க்கப் போகவில்லை. பனி விழுந்தபின் என்ன ஆகிறது என்று பார்க்க சோலூர் பக்கம் போனேன்.

அறிமுகத்தின் பேரில் ஒரு படுகர் வீட்டுக்குப் போனேன். அரை ஏக்கர் சொச்சம் தேயிலை, கொஞ்சம் பூண்டு. வீட்டுப் பெரியவர் காபி கொடுத்துவிட்டு, பேசிக்கொண்டே தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். சரிவின் மேலே நின்று பார்த்தால் எல்லாம் பச்சை. இறங்கினோம். பாதிச் சரிவுக்கு மேல் ஒரு இடத்தில் சட்டென்று நிறம் மாறியது. அதற்கு மேலே பச்சைக் கொழுந்து, கீழே பித்தளை நிறம். இன்னும் கீழே போனால் கருப்பு. சரிவின் குறுக்கே நீளமாக ஒரு கோடு, கிட்டத்தட்ட மட்டம் பார்த்து இழுத்த கோடு. நேற்று நான் வெப்பமானியில் அளந்ததை இந்தச் செடிகள் இலையிலேயே எழுதிவைத்திருந்தன: குளிர் எந்த உயரம்வரை தேங்கியதோ, அதுவரை கருகல்.

ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கையில் கொடுத்தார். தொட்டதும் பொடிந்தது. "கண்ணுக்கு வெள்ளையா விழுற பனிகூடப் பரவால்லங்க. சில நாள் வெள்ளையே தெரியாது, காத்து ரொம்ப காஞ்சிருக்கும். மத்தியானம் பாத்தா எல தீஞ்சிருக்கும்" என்றார். படிகம் கட்டக் காற்றில் ஈரமில்லை, ஆனால் இலைக்குள் இருக்கும் நீர் உறைந்துவிடுகிறது. படம் எடுக்க வருகிறவர்களுக்கு அந்த நாளில் ஒன்றுமே கிடைக்காது. தோட்டத்துக்கு அந்த நாள்தான் மோசம்.

கருகிய செடி சாவதில்லை. கவாத்து செய்து, மறுபடி துளிர்த்து, பறிக்கும் நிலைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை அந்தப் பாத்தியில் பச்சைத் தேயிலை வரத்து இல்லை. பனிக்காலத்தில் தொழிற்சாலைகளுக்கும் இலை குறைவாகத்தான் போகும். விலை ஏறினாலும் கொடுக்க இலை இல்லாதவருக்கு அதனால் என்ன?

அவர் செய்திருந்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. தோட்டத்தின் அடிவரப்பில் அடர்த்தியாக ஒரு வேலிப்புதர். காட்டுமாடு நுழையாமல் இருக்கத் தன் அப்பா காலத்தில் வைத்தது என்றார். அந்தப் புதர் மேலிருந்து இறங்கி வரும் குளிர்காற்றையும் தடுத்துத் தோட்டத்துக்குள்ளேயே தேக்கியது. போன வருடம் அதில் இரண்டு இடத்தில் ஆள் அகலத்துக்கு வெட்டித் திறந்துவிட்டார், அதற்குக் கீழே ஓடைப் பள்ளம். திறப்புக்கு நேர் மேலே உள்ள வரிசைகள் இந்த முறை லேசாகத்தான் நிறம் மாறியிருக்கின்றன. யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "சாயங்காலம் அடுப்புப் புகை எங்க போய் நிக்குதுன்னு பாத்தேன், அவ்ளோதான்." புகை நேரே எழும்பி, கொஞ்ச உயரத்தில் தட்டையாகப் படிந்து, பள்ளத்தில் போய் நின்றால் அன்றிரவு பனி. புகை கலைந்து போனால் பயமில்லை. இதற்குச் செயலி எதுவும் வேண்டியதில்லை.

மற்றபடி சின்னச் செடிகளைப் பெரணித் தழை போட்டு மூடியிருந்தார். பூண்டுப் பாத்திக்கு ஒன்றும் செய்யவில்லை. அது தாங்கும் என்றார்.

விடைபெறும்போது, "அடுத்த வாரம் மேகம் வருமா? உங்க போன்ல என்ன சொல்லுது?" என்று கேட்டார். திங்கள்வரை தெளிந்த வானம் என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். நாலு நாள் நீல வானம் என்பது என்னைப் போன்றவனுக்குக் கொண்டாட்டம். அவருக்கு இன்னும் நாலு வரிசை தேயிலை.

வெள்ளி

அவலாஞ்சிக்கு வனத்துறை வண்டியில். 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய இடம் இது. இன்றைக்கு ஒரு துளி ஈரம் இல்லை. உதடு வெடிக்கும் வறட்சி.

மடிப்புகளில் அடர்ந்த சோலை, மேடுகளில் வெறும் புல். இரண்டுக்கும் நடுவே எல்லை கத்தியால் வெட்டிய மாதிரி. சோலை ஏன் புல்வெளிக்குள் பரவவில்லை என்பதற்குத் தாவரவியலாளர் மெஹர்-ஹோம்ஜி சொன்ன காரணம் இந்த உறைபனிதான்: திறந்த புல்லில் முளைக்கும் சோலைக்கன்று பனியில் கருகிப்போகும், மரக்கூரைக்குக் கீழே முளைப்பது பிழைக்கும். புல்லோ மேலே காய்ந்தாலும் அடியிலிருந்து துளிர்த்துவிடும். தீ, மேய்ச்சல், மண் என்று வேறு காரணங்களும் பேசப்படுகின்றன. ஆனால் புதன்கிழமை மரத்தடியில் பார்த்த பச்சை வட்டத்துக்குப் பிறகு, என் ஓட்டு பனிக்குத்தான். வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை மரம் (வாட்டில்) பனியைத் தாங்குகிறது, அதனால்தான் புல்வெளிக்குள் அது மட்டும் தயக்கமில்லாமல் ஏறிவருகிறது.

விடுதியில் பக்கத்து அறைக்காரர்கள் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தப் பார்த்தார்கள். அக்கா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு போனார். மூடிய அறையில் கரி எரித்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இரண்டு கம்பளி கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எந்த விடுதியிலும் கொடுப்பார்கள்.

சனி

காலை காந்தலில் வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடித் தகடாக ஐஸ். ஒரு சிறுவன் அதை உடையாமல் எடுத்து, அதன் வழியாக என்னைப் பார்த்தான்.

இனி அடுத்த வாரம். பலர் கேட்டிருக்கிறார்கள், எனக்குத் தெரிகிற வரையில் எழுதுகிறேன். கிளம்பும் முன் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அன்றைய அறிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளையும் திங்களும் இப்போதிருப்பது தொடரும். வானம் தெளிவு, இரவில் காற்று இல்லை, பனிப்புள்ளி தாழ்வு. பள்ளங்களில் உறைபனி உறுதி என்றே சொல்வேன். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், நிழலுக்குள் போனால் நடுங்கும். இந்த உயரத்து வெயிலில் புற ஊதாக்கதிர் அதிகம்; குளிர்தானே என்று தொப்பி இல்லாமல் திரிந்தால் மூக்குத் தோல் உரியும். எனக்கு உரிந்துகொண்டிருக்கிறது.

செவ்வாயிலிருந்து மாற்றம். இலங்கைக்குக் கிழக்கே வங்கக்கடலில் ஒரு மேகத்திரள் உருவாகி மேற்கே நகர்கிறது. கிழக்குக் காற்றில் வருகிற இந்த மாதிரி அலைகள், வடகிழக்குப் பருவமழை விடைபெறும் நேரத்திலும், அதன் பிறகும்கூட எப்போதாவது எட்டிப் பார்ப்பதுண்டு. மழை நீலகிரியை எட்டுமா என்பது சந்தேகம், தென்மாவட்டங்களோடு நின்றுவிடலாம். ஆனால் உயர்மேகம் வந்தாலே போதும், இரவு வெப்பநிலை நாலைந்து டிகிரி ஏறிவிடும். செவ்வாய் இரவு அரைகுறை, புதன், வியாழன் பனி இல்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மூட்டமும் சாரலும் இருக்கும், மலைப்பாதையில் முகப்பு விளக்கு போட்டு ஓட்டுங்கள். சோலூர்ப் பெரியவருக்கு இதைச் சொல்ல போன் செய்தேன். "நேத்தே எறும்பு மேல ஏறுது" என்றார்.

வெள்ளிக்குப் பிறகு மறுபடி தெளியலாம். மேகம் விட்டுப்போகும் ஈரம் தரையில் இருக்கும்போது வானம் திறந்தால், வெள்ளை நன்றாகப் பிடிக்கும். படம் எடுக்கிறவர்களுக்கு அடுத்த சனி, ஞாயிறு நல்ல வாய்ப்பு. மாசியிலும் பனி உண்டு, ஆனால் பகல் நீண்டு வெயில் கூடும். கருகிய புல்லில் காட்டுத்தீ பயமும் அப்போதுதான் தொடங்கும், சிகரெட் துண்டை ஜன்னல் வழியாக எறிகிறவர்கள் தயவுசெய்து வரவேண்டாம்.

புதன், வியாழனுக்கு அறை போட்டவர்கள் ரத்து செய்யவேண்டியதில்லை. பனியை மட்டும் நம்பி வராதீர்கள். கேத்திப் பள்ளத்தாக்கில் மேகம் இறங்குவதைப் பார்க்கலாம், மலை ரயிலில் குன்னூர்வரை போய்வரலாம், சூடாக வர்க்கி வாங்கலாம். அது எந்த வானிலையிலும் கிடைக்கும், காலை பத்து மணிக்குள் போனால்.